1992 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப்: பார்த்தது, கழித்தது, வாங்கியது

என் மச்சினனுக்குத் தாண்டிக்குடிக்கு மேலே காபியும் மிளகுமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டத்து வீடு வரை செம்மண் பாதை, நடுவில் ஒரு ஓடை, ஓடையைத் தாண்டியதும் செங்குத்தாக இரண்டு திருப்பம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பிக்கப் வண்டி ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், அதற்கு மேல் உரமோ மூட்டையோ எல்லாம் தலைச்சுமைதான். மஹிந்திராவின் புது 'தார்' ஜீப் விலையை விசாரித்துவிட்டு வந்தவன், "அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் நிலமே வாங்கிப் போடலாம் மாமா, பழைய ஃபோர் வீல் ஜீப் ஒண்ணு பாருங்க" என்றான். பழைய ஜீப் என்றால் எனக்குத் தனி இழுப்பு உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் வேலை என் தலையில் விழுந்தது.

பழைய ஜீப் வாங்கப் போகிற பெரும்பாலானவர்கள் போகிற வரிசை இதுதான்: முதலில் பெயிண்ட், அடுத்து டயர், அப்புறம் பானெட்டைத் தூக்கி எஞ்சின் சத்தம், பிறகு விலைப் பேச்சு, டீ, எல்லாம் முடிந்து கை குலுக்கும்போது "ஆர்.சி. புக் இருக்குல்ல?" என்று ஒரு கேள்வி. நாங்கள் தலைகீழாகப் போனோம். ஏனென்றால் இந்த வகை வண்டியில் கழற்றி மாற்ற முடியாத சாமான் என்று எதுவுமே கிடையாது. பாடி தனியாக அடித்துத் தருகிறார்கள், எஞ்சின் கிடைக்கும், ஆக்சில், கியர் பெட்டி, ஸ்டியரிங் எல்லாம் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். மாற்றவே கூடாதது சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், குத்தியிருக்கிற எண் மட்டும். அந்த எண்ணும் புத்தகமும் பொருந்துகிறதா, புத்தகம் யார் பேரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

விசாரித்த வண்டிகள் நிறைய. நேரில் போய் நின்று பார்த்து, வாங்கலாமா என்று யோசித்தவை மூன்று.

முதலாவது ஒரு மாருதி ஜிப்ஸி, ராணுவ ஏலத்தில் எடுத்தது. ஜிப்ஸி எனக்குப் பிடித்த வண்டிதான். 1985 கடைசியில் 970 சி.சி. எஞ்சினோடு வந்து, பின்னால் 1,298 சி.சி.க்கு மாறியது, எடை குறைவு என்பதால் சேற்றில் புதையாமல் ஓடிவிடும். ஆனால் ராணுவ வண்டிகள் ஆர்.டி.ஓ.வில் பதிவாவதில்லை, அவர்களுக்குத் தனிப் பதிவு. ஏலத்தில் எடுப்பவர் கையில் ஏல ரசீதும் விடுவிப்புக் கடிதமும்தான் இருக்கும், அதை வைத்துப் பதிவு வாங்குவது எடுத்தவர் பாடு. இந்த வண்டியை எடுத்தவர் அதைச் செய்யாமல் இன்னொருவருக்கு விற்று, அவர் எங்களுக்கு விற்க வந்திருந்தார். சரி, நல்லா இருங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். இதில் எழுத இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, மச்சினன் மனதைக் கெடுத்த வண்டி. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில், மங்கலான ராணுவப் பச்சையில், பின்னால் ஜெர்ரி கேன், பக்கவாட்டில் மண்வெட்டி, முன்னால் வெள்ளை நட்சத்திரம். உயர்ந்த மூக்கு உள்ள சி.ஜே.-3பி, அமெரிக்க வில்லீஸ் கம்பெனியின் சிவிலியன் ஜீப் மாடல். புரோக்கர் சொன்னது, "வேர்ல்ட் வார் வண்டி சார், ஒரிஜினல் வில்லீஸ்." சி.ஜே.-3பி அமெரிக்காவில் வந்ததே 1953-இல். போர் முடிந்தது 1945-இல். அந்த உயர்ந்த மூக்குக்கே காரணம் எஃப்-ஹெட் வகை 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின்தான்: இன்லெட் வால்வை மேலே ஹெட்டில் வைத்ததால் எஞ்சின் உயரம் கூடியது, பழைய தட்டைப் பானெட்டுக்குள் அடங்கவில்லை, பானெட்டைத் தூக்கிவிட்டார்கள். இந்த மாடலைத்தான் மஹிந்திரா இங்கே வருடக்கணக்காகத் தயாரித்தது, நம் ஊரில் 'வில்லீஸ்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அவைதான். உண்மையான போர்க்கால வண்டியின் முன் கிரில்லில் ஒன்பது பிளவு இருக்கும், பின்பக்கம் திறக்கிற கதவு இருக்காது. சிவிலியன் சி.ஜே.க்கு ஏழு பிளவு, பின்கதவு உண்டு. எண்ணத் தெரிந்தால் போதும். டேஷ்போர்டில் இருக்கிற பித்தளைத் தகட்டை நம்ப வேண்டாம், அது புதிதாக அச்சடித்தே விற்கிறார்கள்.

பழம்பெருமை பொய்யாக இருந்தாலும் வண்டி நன்றாக இருந்தால் வாங்கலாமே என்றான் மச்சினன். நியாயம்தான். அதனால் கீழே குனிந்தோம்.

வலது பக்கச் சேஸிஸில் எண் இருக்கிற இடத்தில் மட்டும் பெயிண்ட் தடிமனாக இருந்தது. கேட்டுவிட்டுத்தான் செய்தோம், தின்னரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் இரும்பில் சன்னமான கோடுகள், கிரைண்டர் ஓடிய தடம். அந்தக் கோடுகளின் மேல்தான் எண்கள் குத்தப்பட்டிருந்தன. தொழிற்சாலையில் குத்திய எண்ணில் எழுத்துக்கள் ஒரே ஆழத்தில் ஓரளவு ஒரே வரிசையில் நிற்கும். இதில் ஒரு 7 சாய்ந்திருந்தது, இரண்டு எண்கள் மற்றவற்றைவிட மேலோட்டமாக இருந்தன. ஒரு காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இதே பென்சில் பிரிண்ட்தான் எடுப்பார்கள், அங்கே தெரியாமல் போகுமா?

பதிவு வடக்கே ஒரு மாநிலத்தில். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி.க்கு (தடையின்மைச் சான்று) ஜெராக்ஸ் மட்டும் இருந்தது. டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் டீசல் வண்டி 10 வருடம், பெட்ரோல் வண்டி 15 வருடம் தாண்டினால் ஓட்டக் கூடாது என்று வந்ததிலிருந்து அந்தப் பக்கத்து வண்டிகள் தெற்கே நிறைய இறங்குகின்றன, அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் பழைய சாமான்களைச் சேர்த்துப் புதிதாகக் கட்டிய ஜீப்புக்கு எங்கோ செத்துப்போன வண்டியின் புத்தகத்தை மாட்டி அனுப்புவதும் நடக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொன்ன பிறகு, இப்படிக் கட்டிய வண்டியைத் தெரிந்தே வாங்குவது காசு கொடுத்து வழக்கு வாங்குவது.

"இதெல்லாம் பாத்தா பழைய வண்டி வாங்க முடியாது சார்" என்றார் புரோக்கர். பார்க்காமல் எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் புரோக்கரே "விண்டேஜ்ல போட்டுக்கலாம் சார்" என்றார். சட்டப்படி விண்டேஜ் என்றால் முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி. 2021 ஜூலையில் வந்த விதிப்படி அதற்கு வி.ஏ. எழுத்தோடு தனி எண் வரிசை, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அதைத் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், உரமூட்டை ஏற்றக் கூடாது. அசலில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அதுவும் கிடையாது.

அப்புறம்தான் போடி.

பழைய ஜீப் தேடுகிறவர்கள் போடி, கம்பம் பக்கம் போவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஜீப் இன்னும் தொழில் வண்டி. விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கிப் பக்கம் ஏறி, சாயங்காலம் இறங்குகின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு அந்தக் கல்லுப் பாதையில் ஏறுவதும் ஜீப்தான். அதனால் பட்டறையும் உண்டு, சாமானும் உண்டு, சத்தத்தை வைத்தே எந்தப் பல் போயிருக்கிறது என்று சொல்கிற மெக்கானிக்கும் உண்டு. அதே காரணத்தால் அங்கே வரும் வண்டிகள் அடிபட்டவையாகவும் இருக்கும். ட்ரிப் அடித்த வண்டியை நான் தவிர்க்கச் சொல்வேன். ஒரே குடும்பத்தின் தோட்டத்து வண்டி என்றால் நின்று பார்க்கலாம்.

நாங்கள் பார்த்த மூன்றாவது வண்டி அப்படிப்பட்ட ஒன்று. 1992 எம்.எம். 540, ஃபோர் வீல். உரிமையாளர் 2021-இல் தவறிவிட்டார், மகன் விற்கிறார். புத்தகத்தை முதலில் கேட்டதும் அந்தத் தம்பிக்கே கொஞ்சம் ஆச்சரியம். உள்ளே போய் ஒரு ரெக்சின் பையை எடுத்துவந்தார், அதில் ஆர்.சி.யோடு பழைய இன்சூரன்ஸ் காகிதங்கள், டயர் பில், எஞ்சின் வேலை பார்த்த ரசீது எல்லாம். மதுரைப் பதிவு. இதைப் பார்த்து மச்சினன் சந்தேகப்பட்டான், போடி வண்டிக்கு ஏன் மதுரை எண் என்று. தேனி மாவட்டமே 1996-இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது, 1992 வண்டிக்கு மதுரை எண் இருப்பதுதான் சரி. தேனி எண் இருந்திருந்தால் நான் கேள்வி கேட்டிருப்பேன்.

புத்தகத்தில் மூன்று சிக்கல். ஒன்று, உரிமையாளர் இல்லை, வாரிசு பேருக்கு இன்னும் மாறவில்லை. இரண்டு, கடைசியாகப் புதுப்பித்தது 2017-இல், அது 2022-இல் முடிந்து அப்படியே கிடக்கிறது (முதல் 15 வருடம், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாக 2007, 2012, 2017 என்று ஒழுங்காகப் புதுப்பித்திருக்கிறார் மனிதர்). மூன்று, மதுரையில் ஒரு ஃபைனான்ஸ் பேரில் ஹெச்.பி., அதாவது வண்டிமேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு, இன்னும் அப்படியே இருக்கிறது. கடன் எப்போதோ கட்டி முடிந்தது, ஆனால் புத்தகத்தில் நீக்கவில்லை. பழைய வண்டிகளில் இது சர்வ சாதாரணம், பலர் கவனிப்பதே இல்லை. ஃபைனான்ஸ் கம்பெனி மூடிப்போயிருந்தால் தடையின்மைக் கடிதத்துக்கு அலைச்சல்தான்.

மூன்றுமே தீர்க்கக் கூடிய சிக்கல் என்பதுதான் முக்கியம். நேரம் பிடிக்கும், காசு பிடிக்கும், ஆனால் எதிலும் பொய் இல்லை. பச்சை வண்டியின் காகிதம் பார்க்கச் சுத்தமாக இருந்தது, வண்டி பொய். இது நேர்மாறு.

அடுத்து சேஸிஸ். எண் இருந்த இடத்தில் பல வருடத்துக் கழிவு ஆயிலும் தூசியும் சேர்ந்து தோல் மாதிரி ஒட்டியிருந்தது. தோட்டத்து வண்டிகளில் மழைக்கு முன்னால் அடியில் கழிவு ஆயில் தடவி விடுவார்கள், பார்க்க அசிங்கம், துருவுக்கு நல்ல மருந்து. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததும் எண் முழுதாக வந்தது, ஒரே ஆழம், புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தும் பொருந்தியது. எஞ்சின் எண்ணும் பொருந்தியது. இது எனக்கே எதிர்பாராத மகிழ்ச்சி, ஏனென்றால் இந்த வயது 540-களில் பாதிக்குமேல் எஞ்சின் மாறியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன்.

கூட வந்த போடி மெக்கானிக் அண்ணன் சின்னச் சுத்தியலோடு அடியில் படுத்துவிட்டார். சேஸிஸ் கட்டையை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். திடமான இரும்பு கணீர் என்று கேட்கும், உள்ளே துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். பின்பக்கம் இடது ஷேக்கிள் (கமான் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கிற சாமான்) மாட்டும் இடத்தில் சத்தம் மாறியது. சுரண்டினால் பழைய விரிசல், அதன்மேல் பிளேட் வைத்து வெல்டிங். "மூட்டை ஏத்தி ஏத்தி இந்த இடம்தான் விடும். வெல்டிங் நல்லாத்தான் புடிச்சிருக்கு, ஆனா ஒரு பக்கம் மட்டும் வச்சிருக்காங்க, பெட்டியா அடைச்சு வைக்கணும்" என்றார். கமான் பட்டையில் பின்னால் இரண்டு கூடுதல் பட்டை சொருகியிருந்தது, அதுவும் மூட்டை கதைதான் சொன்னது. பாடித் தரையில் கால் வைக்கும் இடம் ஓட்டை, தகரம் வைத்து ரிவெட் அடித்திருந்தார்கள். அதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை, ஷீட் மாற்றுவது ஒரு வேலையா.

ஃபோர் வீல் சோதனைதான் சுவாரஸ்யம். முன் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கிறது, ஆனால் அதற்கு வருகிற ஷாஃப்டைக் காணோம். "டீசல் மிச்சமாகும்னு அப்பா கழட்டி வச்சுட்டாருண்ணே, குடோன்ல கெடக்கு." நிஜமாகவே குடோனில் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. இதை நிறையப் பேர் செய்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், ஷாஃப்ட் இல்லாத வண்டியில் முன்பக்கம் வேலை செய்கிறதா என்று சொல்ல வழியே இல்லை, டிஃபரன்ஷியலுக்குள்ளே க்ரௌன் பல்சக்கரம் போய், அதனால் கழற்றி வைத்ததாகக்கூட இருக்கலாம். மாட்டிக் காட்டினால்தான் பேச்சு என்றோம். ஷாஃப்ட் மூட்டில் இருக்கிற கிராஸ் ஒன்று இறுகியிருந்தது, கிரீஸ் அடித்துத் தட்டி மாட்டினார் அண்ணன்.

பிறகு செய்தது இது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு, ஃபோர் வீல் கம்பியைப் போட்டு, கியரில் வைத்து, முன்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கிற ஹப் லாக் இருந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றக் கூடாது, சின்ன ஆட்டத்தோடு நின்றுவிட வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே எதுவோ இல்லை: ஆக்சில் ஷாஃப்டோ, பல்லோ, ஹப்போ. எங்களுக்கு நின்றது. அடுத்த பக்கத்தையும் தூக்கிப் பார்த்தோம், அதுவும் நின்றது. சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆட்டம். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும், ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சு. நிற்கவில்லை. கிங் பின் பேரிங் இரண்டு பக்கமும் என்று குறித்துக்கொண்டோம்.

ஃபோர் வீல் போட்டுக்கொண்டு சிமெண்ட் தரையில் வளைத்துப் பார்க்கக் கூடாது, முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து முறுக்கிக்கொள்ளும். கம்பி அதன்பின் வெளியே வரவே அடம்பிடிக்கும். அவர்கள் தோட்டத்திலேயே ஈரமான ஒரு மேடு இருந்தது, அதில் லோ (இழுவை கூடிய மெதுவான கியர்) போட்டு ஏற்றி, நடுவில் நிறுத்தி, மறுபடி எடுத்தோம். லோ கியர் வெளியே எகிறவில்லை. பதிவும் இன்சூரன்சும் இல்லாத வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டாம் என்று முன்பே முடிவு, "போடிமெட்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கண்ணே" என்று அந்தத் தம்பி தாராளமாகச் சொன்னாலும்.

எஞ்சினுக்குக் கடைசியாகத்தான் வந்தோம். காலையில் போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்த்திருந்தேன், ஜில்லென்று இருந்தது, முன்கூட்டி சூடாக்கி வைக்கவில்லை. இது பியூஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90. நாலு சிலிண்டர், 90 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 83 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), கணக்குப் போட்டால் 2,112 சி.சி. வரும். ஹீட்டர் பிளக் சூடாகாமல் காலையில் பிடிக்காது. ஹீட்டர் போட்டு, செல்ஃப் அடித்து, மறுபடி ஹீட்டர் போட்டு அடித்ததும் பிடித்தது, கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, சூடானதும் குறைந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கரும்புகை மொத்தமாக. நீலப் புகை இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வாயிலேயே தலைகீழாக வைத்தோம், லேசாக நடுங்கியதே தவிரத் தூக்கியடிக்கவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் பழுப்பாக இருந்தது, எண்ணெய்ப் படலம் இல்லை. அண்ணன் தீர்ப்பு: "போர் இன்னும் தேயல. நாசிலும் பம்பும்தான். ஹெட்டை ஒரு தடவை எறக்கிப் பாத்துருங்க."

இதே வாரத்தில் இன்னொரு 540 பற்றியும் சொன்னார்கள், டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டீசல் எஞ்சின் போட்டது. 2,523 சி.சி., ஹீட்டர் தொல்லை இல்லை, சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும், மைலேஜும் நன்றாக இருக்கும், சத்தம் மட்டும் டிராக்டர். பட்டறைக்காரர்கள் எல்லோரும் அதையே சிபாரிசு செய்தார்கள். ஆனால் புத்தகத்தில் பழைய எஞ்சின் எண். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி எஞ்சின் மாற்றினால் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இருபது வருடம் முன்பு மாற்றிய எஞ்சினுக்கு இப்போது ரசீது எங்கே போய்த் தேடுவது? புதுப்பிக்கப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் எண்ணைக் கேட்டால் அங்கேயே நிற்கும். புகைகிற, எண் பொருந்துகிற எஞ்சினை நான் எடுத்துக்கொள்வேன்.

கேட்ட விலை நாலரை லட்சம். குறித்து வைத்திருந்ததைப் படித்துக் காட்டி, அடித்துப் பேசாமல், 3,70,000-க்கு முடித்தோம். ஆனால் விலையைவிடப் பணம் கொடுக்கும் முறையில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். டோக்கனாக 25,000 மட்டும். அந்தத் தம்பி தன் பேருக்கு மாற்றி, ஹெச்.பி. நீக்கி, பதிவைப் புதுப்பித்த பிறகு பாக்கி. பேர் மாற்றத்துக்கான 29, 30 படிவத்தில், நிரப்பாமலே, கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஊரில் ஒரு பெரியவர் சொன்னார். இறந்தவர் பேரில் இருக்கிற வண்டிக்கு யார் கையெழுத்துப் போடுவது? அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

ஆபீஸ் வேலை நடந்த வரிசை: மதுரையில் அந்த ஃபைனான்ஸ் தெரு மாறியிருந்தாலும் தொழிலில் இருந்தது, பழைய லெட்ஜரைப் பார்த்து ஹெச்.பி. நீக்குவதற்கான படிவம் 35-உம் கடிதமும் கொடுத்துவிட்டார்கள், இது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் சம்மதம் எழுதிக் கொடுத்தது, வாரிசு பேருக்கு மாற்றும் படிவம் 31. நடுவில் புத்தகத்தில் இருந்த விவரம் முழுதாக ஆன்லைனில் ஏறவில்லை என்று தெரிந்து அதை ஏற்றுவதற்குக் கொஞ்சம் காத்திருப்பு. பிறகு புதுப்பிப்பு. 15 வயது தாண்டிய காருக்கு 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் என்று இருந்தது, 2025 ஆகஸ்டில் 20 வயதைத் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். அதோடு தாமதக் கட்டணம், பசுமை வரி. இன்சூரன்ஸ் இல்லாமல் எதுவும் நகராது, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022-இல் நிர்ணயித்த விகிதப்படி 7,897 ரூபாய், வரி தனி. புதுப்பிப்புச் செலவை இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டோம், மற்றதெல்லாம் அவர்கள் தலை.

இன்ஸ்பெக்ஷனுக்கு முன்னால் பிரேக்கும் லைட்டும் சரிசெய்தே ஆக வேண்டும் என்பதால் அந்த வேலையை மட்டும் போடியிலேயே முடித்தோம்: நாலு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், வைப்பர், இண்டிகேட்டர் வயரிங். பேர் மாறி வண்டி கைக்கு வந்ததும் மீதி. நாசிலும் பம்பும் மதுரையில் காலிபரேஷன், ஹெட் இறக்கி வால்வு உட்கார வைத்து புது கேஸ்கட், கிங் பின் பேரிங், ஷேக்கிள் இடத்தைப் பெட்டியாக அடைத்து வெல்டிங், ரேடியேட்டர் திறந்து சுத்தம், தரை ஷீட். கூடுதலாகச் சொருகிய பட்டைகளைக் கழற்றியதும் முதுகு பிழைத்தது. டயர் பார்க்க நல்ல பல்லோடு இருந்தாலும் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்க எண் 0815, அதாவது 2015-இன் எட்டாவது வாரத்தில் தயாரானது. பல் இருந்து என்ன, ரப்பர் வெடித்திருந்தது, ஐந்தையும் மாற்றினோம். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தொட்டது, அதில் டயரும் டீசல் பம்பும்தான் பெரும்பங்கு. பெயிண்ட் அடிக்கவில்லை. அடிக்கவும் வேண்டாம் என்பது என் கட்சி, மச்சினன் மனைவி கட்சி வேறு.

வண்டி இப்போது தோட்டத்தில் இருக்கிறது. ஓடையைத் தாண்டி அந்த இரண்டு திருப்பத்தையும் லோவில் நடக்கிற வேகத்தில் ஏறுகிறது. ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதன் அருமை, லோ முதல் கியரில் விட்டால் பிரேக்கில் கால் வைக்காமலே மூட்டையோடு இறங்கும். ரோட்டில் வேகம் அறுபதைத் தாண்டினால் பேச்சுக் கேட்காது. முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு ஆயில் சீல் கசிகிறது, அடுத்த மழைக்கு முன் அதை இறக்க வேண்டும். மீட்டரில் கிலோமீட்டர் எப்போதோ நின்றுபோனது, அதைச் சரிசெய்யச் சொன்னால் "எதுக்கு மாமா" என்கிறான்.

வத்தலக்குண்டுக்கு இறங்கும்போதெல்லாம் யாராவது நிறுத்தி விலை கேட்கிறார்களாம். கேட்கட்டும். ஆனால் "புக் ஜெராக்ஸ் அனுப்புங்க, பார்ட்டிகிட்ட காட்டுறேன்" என்று வருகிறவர்களுக்கு மட்டும் எதுவும் அனுப்பாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் நல்ல வண்டிக்குப் புத்தகம் தேடுகிறவர்களைவிட, கட்டிய வண்டிக்கு நல்ல புத்தகமும் எண்ணும் தேடுகிறவர்கள் அதிகம்.